மூன்று சக்கரம், மூன்று எலுமிச்சம்பழம்

திருநகரில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், கார் ஷெட்டுக்குள் சொந்தமாக ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தார். இடுப்பில் லுங்கி, தலையில் ஹெல்மெட். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து, "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துருவோம்" என்று மறுபடியும் இழுப்பார்.

ஒருநாள் ஒத்தாசைக்குக் கூப்பிட்டார். மடித்த சக்கரங்களோடு ஜாக்கிகளின் மேல் நின்றது விமானம். சக்கரங்கள் இறங்க வேண்டிய இடங்களில், புது வண்டிக்கு வைப்பதுபோல மூன்று எலுமிச்சம்பழங்களை வைத்திருந்தார். உள்ளே ஏறி லீவரைத் தள்ளினார். இரண்டு சக்கரங்கள் இறங்கிப் பழத்தை நசுக்கின. இடது சக்கரம் மட்டும் பாதியில் தொங்கியது.

"ஆயில் குழாய்ல காத்து புகுந்துருச்சுண்ணே."

குழாயின் திருகைத் தளர்த்தினார். நுரை நுரையாக எண்ணெய் வந்து என் சட்டையை நனைத்தது. மறுபடி லீவரைத் தள்ள, மூன்றாவது பழமும் நசுங்கியது! சந்தோஷத்தில் ஜாக்கிகளை எடுத்துவிட்டோம். விமானம் முதன்முதலாகச் சொந்தக் காலில் நின்றது.

அவர் திரும்பவும் உள்ளே ஏறினார். "எதுக்கும் இன்னொரு தடவ பாத்துருவோம்."

நான் கத்துவதற்குள் லீவரை இழுத்துவிட்டார். விமானம் தொப்பென்று வயிறு தரையில் பட விழுந்தது. உள்ளேயிருந்து ஹெல்மெட் மெல்ல எழும்பியது.

"மூணும் ஒண்ணா மடங்குச்சு, பாத்தீங்களாண்ணே!"

அந்த முகத்தில் அத்தனை பூரிப்பு.

இப்போதெல்லாம் என் வீட்டுப் பூட்டை நான் ஒரு தடவைதான் இழுத்துப் பார்க்கிறேன்.