தம்பியின் கட்டைவிரல் என்ன நிறம்?

குடியிருப்புச் சான்று கேட்டு மனு வந்தால் பதினைந்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். விதி இவ்வளவுதான். தாலுகா அலுவலக வாசலில் பலகையாகவே தொங்குகிறது. எனக்கு எப்படித் தெரியும்? ஓய்வு பெறுமுன் அந்தப் பலகைக்கு ஆணி அடிக்கச் சொன்ன சூப்பிரண்டெண்டே நான்தான்!

மனு என் தம்பி முருகேசனுடையது. கரையாம்புத்தூரில் கரும்பு போடுகிறவன். வீடு இருப்பது புதுச்சேரி. வாய்க்காலைத் தாண்டினால் நிலம் தமிழ்நாடு. எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. ஆனால் இந்தப் புத்திசாலி, மில்லில் கரும்பு பதிய வசதி என்று ஆதாரில் நிலத்து மோட்டார் கொட்டகையின் முகவரியைக் கொடுத்து வைத்திருந்தான். ஒரு பழைய மோட்டாரும் இரண்டு ஓணான்களும் வசிக்கும் முகவரி...

இத்தனை நாள் அதனால் ஒன்றும் குடிமுழுகவில்லை. நூறு அடி நடந்தால் இடது கெண்டைக்கால் இறுக்கிப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்று அவன் சொல்லும் வரை.

டாக்டர் இளம் பெண். அவன் பாதத்தில் நாடியைத் தேடித் தேடிப் பார்த்தார். பிறகு ஸ்கேன். தொடையில் ரத்தக்குழாய் அடைப்பு — முப்பது வருட பீடி. பலூன் வைத்துத் திறக்கலாம். புதுச்சேரி அரசுத் திட்டத்தில் செய்ய, ஆதார் என்ன சொன்னாலும் அவன் புதுச்சேரிக்காரன்தான் என்று காகிதம் வேண்டும்.

"அவசரமா டாக்டர்?"

"இப்ப இல்ல சார், மாத்திரை தரேன். ஆனா விரல் கறுத்தாலோ, புண்ணு வந்து ஆறாம இருந்தாலோ, அன்னைக்கே தூக்கிட்டு வந்துடணும். பேப்பர் இருந்தாலும் இல்லாட்டியும். தள்ளிப் போட்டா காலே போயிடும்."

மனு கொடுத்தோம். பதினைந்து நாள் போயிற்று. முப்பதும் போயிற்று. ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு அந்த நினைவூட்டலை நினைவூட்டி இன்னொன்று. அங்கே இப்போது அதிகாரியாக இருப்பவர் என்னிடம் வேலை பழகியவர்.

"ஒரு போன் போட்டா இன்னா கொறஞ்சிடுவீங்க?" என்றாள் என் மனைவி.

போடவில்லை. 'முறைப்படி வாருங்கள்' என்று காலமெல்லாம் ஊரைத் திருப்பி அனுப்பியவன், எந்த முகத்தோடு போடுவது?

அதற்குப் பதில் தினமும் விடிந்ததும் தம்பிக்குப் போட்டேன்.

"விரல் என்ன நிறம்டா?"

"இன்னாண்ணே, காலங்காத்தால என் கட்டவெரலுக்கு குட்மார்னிங்கா? நேத்து இன்னா கலரோ அதேதான். போட்டோ புடிச்சி அட்டெஸ்ட் பண்ணி அனுப்பவா?"

சிரிப்பு வரவில்லை. வில்லியனூரில் என் வீட்டு ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். நாள் நகர வேண்டுமே என்று ரத்த ஓட்டம் பற்றிப் படித்தேன். பிராணவாயு தீர்ந்த ரத்தம் இதயத்தின் வலது பக்கம் வரும், அங்கிருந்து நுரையீரல், புதுக் காற்றோடு திரும்ப இடது பக்கம், அங்கே ஓர் அழுத்து — உச்சந்தலை முதல் கட்டைவிரல் வரை. இதயத்தின் அறைகளில் வால்வுகள் காவல்; முன்னே போனது பின்னே திரும்பக் கூடாது. இத்தனை மேசைகளையும் தாண்டி ஒரு சுற்று முடிய எவ்வளவு நேரம்? சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு, ஏறக்குறைய ஒரு நிமிடம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். ஒரு நிமிடமேதான்!

அடுத்த முறை டாக்டர் கேட்டார்: "நடக்கிறாரா?"

"வலிக்குதேம்மா" என்றான் முருகேசன்.

"வலிக்கிற வரைக்கும் நடங்க. நில்லுங்க. விட்டதும் மறுபடி நடங்க, தினமும். பீடியத் தொடாதீங்க. பெரிய குழாய் அடைச்சுட்டா, பக்கத்துல இருக்கற சின்னக் குழாயெல்லாம் மெல்லப் பெருசாகி ரத்தத்தைச் சுத்திக் கொண்டு போகும்."

"யார் உத்தரவும் இல்லாமலா?" என்று கேட்டுவிட்டேன்.

டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணன் அப்பிடித்தாம்மா" என்றான் தம்பி. "ரத்தத்துக்கே ரூல் கேக்கும்."

பீடியை விட்டான். முதல் வாரம் நடை பக்கத்து வீட்டு வைக்கோல் போர் வரை. பிறகு வாய்க்கால் மதகு. இடையில் ஒருநாள் விரல் கொஞ்சம் நீலமாகத் தெரிகிறது என்றான். அதிகாரியின் நம்பரைப் போட்டேன். மணி அடிப்பதற்குள் துண்டித்தேன். கரையாம்புத்தூருக்கு ஓடினால் — கால் கழுவியதும் போய்விட்டது; வெறும் சொட்டு நீலம். மாடு மேய்க்கிறவன் வேட்டிக்குக் கலக்கியது இவன் காலில் சிந்தியிருக்கிறது! தம்பி சிரித்தான். நான் அந்த விரலை இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தேன். நிஜமாகவே கறுத்திருந்தால்? அந்தப் போடாத போனை எந்தக் கோப்பில் கொண்டு போய்ப் புதைப்பேன்?

பிறகு ஒரு காலையில் அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, வெரலு நல்லா இருக்குது. நான் எங்க இருக்கறேன் சொல்லு?"

"எங்கேடா?"

"மோட்டார் கொட்டாய்ல! வூட்லேர்ந்து எங்கியும் நிக்காம வந்துட்டேன்."

ஹாலில் நடந்துகொண்டிருந்த நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இன்னொண்ணு. கதவிடுக்குல கவர்மெண்ட்டு கவர் ஒண்ணு சொருவியிருக்குது."

"பிரிச்சுப் படி."

எழுத்துக் கூட்டிப் படித்தான். மேற்படி முருகேசன் புதுச்சேரியில்தான் நிரந்தரமாகக் குடியிருக்கிறார் என்று சான்று. அனுப்பிய முகவரி — ஆதாரில் உள்ளபடி, தமிழ்நாடு.

காகிதத்தைப் பத்திரமாக வைக்கச் சொன்னார் டாக்டர். இப்போதைக்குப் பலூன் வேண்டாம், நடையை விடாதீர்கள் என்றார்.

பதில் கிடைத்த தேதி: சென்ற மாதம் பதினெட்டு. மனு கொடுத்ததிலிருந்து நூற்றுப் பதினோராம் நாள்.