ஆத்தாளுக்கு முதல் பங்கு

லுணுகலைக்கு மேலே கல்லருவித் தோட்டத்தில் பெரியாயியை விட நன்றாக முளைப்பாரி வளர்த்தவர்கள் இல்லை. மாரியம்மன் திருவிழாவுக்குப் பத்து நாள் முன்னால் ஒன்பது தானியத்தையும் சட்டியில் விதைத்து, லயத்தில் தன் ஒற்றை அறைக் காம்பிராவின் இருட்டு மூலையில் வைத்துக் கதவை மூடிவிடுவாள். அவளைத் தவிர யாரும் உள்ளே போகக்கூடாது. பத்தாம் நாள் எடுத்து வரும்போது பயிர் முழங்கை உயரம் இருக்கும், மஞ்சளாக, ஒரே மட்டமாக. பெண்கள் அதைத் தலையில் சுமந்து போய் ஓடையில் விடுவார்கள்.

இதற்காக மற்றவர்கள் அவளைப் புகழ்ந்தார்கள். அவளோ ஒவ்வொரு வருடமும் பயந்தாள். பயிர் சாய்ந்தால் வீட்டுக்கு ஆகாது. நுனி கருகினால் பிள்ளைக்கு ஆகாது. அவளுக்கு ஒரே பிள்ளை, இராக்கம்மா. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. கணவன் வீரய்யாவுக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பட்டுக் கால் போனபின், அவள் கூலியில்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

ஆயிரத்தெண்ணூற்றுத் தொண்ணூற்றாறில், தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரிய தொரைக்குத் தன் ஊர்ச் சாராயத்தின் மேல் ஆசை வந்தது. பண்டாரவளை வரை ரயிலிலும், பிறகு மாட்டு வண்டியிலும் இருபது மூட்டை பார்லி வந்தது. பதுளையில் செம்புப் பாத்திரம் அடிப்பவர்களைக் கொண்டு, கழுத்து நீண்ட பெரிய அண்டா ஒன்று செய்வித்தார். தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் அதற்கொரு கொட்டகை எழுந்தது.

"நம்ம காய்ச்சினா ஜெயிலு. தொரை காய்ச்சினா மருந்து" என்றான் சின்னராசா கங்காணி. பிறகு பெரியாயியைப் பார்த்து, "தானியத்த முளைக்க வைக்கணுமாம். நான் ஒம் பேரத்தான் சொன்னேன். மானத்த வாங்கிராத" என்றான்.

கொழுந்து வாட்டும் மாடியில் பாதியை அவளுக்கு ஒதுக்கினார்கள். முளைக்க வை என்று மட்டுமே அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். விரதம் இருந்தாள். ஜன்னல்களைச் சாக்கால் மூடினாள். ஊறிய பார்லியைப் பரப்பி, மஞ்சள் நீர் தெளித்து, ஆண்களை மாடி ஏற விடவில்லை. தொரையே ஒருமுறை வந்தபோது, "இப்ப பாக்கக் கூடாதுங்க" என்று கும்பிட்டுத் திருப்பி அனுப்பினாள். தொரைக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். போய்விட்டார்.

பத்தாம் நாள் சாக்கை விலக்கினாள். மாடி முழுக்க மஞ்சள் வயல். அவள் வாழ்க்கையில் வளர்த்த முளைப்பாரிகளில் அதுதான் அழகு.

தொரை பார்த்துக்கொண்டே நின்றார். கழுத்து சிவந்தது.

"புல்லு" என்றார். "மாட்டுக்குப் போடு."

சர்க்கரையை எல்லாம் பயிரே தின்றுவிட்டது என்று சின்னராசா பிறகு விளக்கினான். "தொரைக்கு வேணும்கிறது செடி இல்ல. செடியாகலாம்னு நெனைக்குதே, அந்த வெத. இன்னொரு தடவ புல்லாச்சுன்னா பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்த விட்டே அனுப்பிருவாரு. ஒம் புருஷனோட காலுக்கு வேற எந்தத் தோட்டம் எடம் குடுக்கும்?"

இரண்டாம் முறை தொரையே உடனிருந்து காட்டினார். இரண்டு நாள் ஊறல், நடுவில் தண்ணீரை வடித்துக் காற்றாட விடுவது. பிறகு சாண் உயரத்துக்குப் பரப்பி, சூடேறி வேர்கள் பின்னிக்கொள்ளாதபடி மரப் பலகையால் நாலு மணி நேரத்துக்கொரு தடவை புரட்டுவது. வேர் வெளியே வரலாம். முளை மட்டும் தோலுக்குள்ளேயே முக்கால் தூரம் ஏறி நிற்க வேண்டும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஒரு மணியை எடுத்துக் கடித்தால் மாவாக உதிர்ந்து இனிக்க வேண்டும். சுவரில் கீறினால் சுண்ணாம்பு போல் கோடு விழ வேண்டும்.

"நீ சொல்லுற நாள்ல நெருப்பு" என்றார் தொரை.

பெரியாயிக்குப் புரியவில்லை. "எதுக்கு நெருப்பு?" என்று கங்காணியைக் கேட்டாள்.

"முளைய நிறுத்தணுமில்ல? கம்பித் தட்டுல கொட்டி, அடியில சதுப்புப் புல்வெளியில வெட்டிக் காய வச்ச கறுப்பு மண்ண எரிச்சு, பொகையில காய வைப்பாங்க. அந்தப் பொக வாசம்தான் தொரைக்கு உசுரு."

உயிருள்ள முளையைத் தீயில் போடுவது. ஓடைக்குப் போக வேண்டியதை.

பார்லியைப் பரப்பிய நான்காம் நாள் காலை இராக்கம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தது. மாலையில் நெஞ்சில் முத்து முத்தாகப் போட்டது.

"ஆத்தா வந்திருக்கா" என்றான் வீரய்யா. வெளியே தெரிந்தால் பிள்ளையைத் தனிக் கொட்டகைக்குத் தூக்கிப் போவார்கள். ஆகவே வாசலில் வேப்பிலை சொருகவும் முடியவில்லை. அது கிடைப்பதும் பிபிலைப் பக்கம் இறங்கினால்தான்.

ஐந்தாம் நாள் காலை பெரியாயி மாடியில் நின்றாள். எதிரே தொரை, அவருக்குப் பின்னால் கங்காணி. அவள் ஒரு மணியைக் கடித்தாள். இனித்தது. சுவரில் கீறினாள். வெள்ளைக் கோடு.

"என்ன, ஆச்சா?" என்றான் சின்னராசா.

"இன்னும் இல்லீங்க."

தொரை வாட்டும் தட்டுகளைச் சுற்றிவிட்டு மத்தியானம் திரும்பினார். மறுபடியும் கடித்தாள். இன்னும் இனித்தது. பொழுது சாய்வதற்குள் முளை தோலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அப்புறம் புல். அப்புறம் பத்துச்சீட்டு. உடம்பெல்லாம் முத்தோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, காலில்லாதவனையும் கூட்டிக்கொண்டு எந்த ரோட்டில் நடப்பது? ஆச்சு என்று சொன்னால் நெருப்பு. நெருப்பு வைத்தால் ஆத்தா பிள்ளையை எடுத்துக்கொள்வாள்.

வாயில் மாவு கரைந்துகொண்டிருந்தது. ஆத்தா, இதிலிருந்து என்ன வருதோ அதில் முதல் பங்கு ஒனக்கு. நீ வாங்கிக்காம யாரும் தொட மாட்டாங்க. பிள்ளைய விட்டுரு.

முனியாண்டிக்குச் சாராயம் படைப்பார்கள். மாரியம்மனுக்கு யாரும் படைத்து அவள் பார்த்ததில்லை. நேர்ந்துகொண்டதே குற்றமோ என்று அந்த நொடியிலேயே பயமாகிவிட்டது.

"ஆச்சுங்க தொரை" என்றாள்.

புகை லயம் வரை வந்தது. பிள்ளையின் முகத்தில் படாமல் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முத்துப் போட்ட ஏழாம் நாள் அவை வாடின. இராக்கம்மா கஞ்சி கேட்டாள். கன்னத்தில் மூன்று தழும்போடு பிழைத்துக்கொண்டாள்.

காய்ந்த பார்லியை உடைத்து, வெந்நீரில் கலந்து, இனிப்புத் தண்ணீரை வடித்தெடுத்தார்கள். அது நொதிக்க, கித்துள் பனங்கள்ளின் மண்டி ஊற்றினார்கள். மூன்று நாள் நுரைத்தது. செம்பு அண்டாவில் இரண்டு தடவை காய்ச்சினார்கள். முதலில் வந்ததையும் கடைசியில் வந்ததையும் தொரை ஒதுக்கிவிட்டார். நடுவில் வந்தது மட்டும் ஒரு பெரிய மரப்பீப்பாய் நிறையப் போனது. தக்கை அடித்து, மேலே அரக்கு வைத்து, கிடங்கைப் பூட்டினார்.

அன்று பெரியாயி கிடங்கு வாசலில் ஒரு தம்ளரோடு நின்றாள். "கொஞ்சம் குடுங்க தொரை. ஒரு வாய்."

"இப்ப தொட்டா வெறும் சாராயம். வருஷங்கள் போகணும்" என்றார்.

சின்னராசா சிரித்தான். "பெரியாயிக்கு நாக்கு ஊறுது!"

பேர் நிலைத்துவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் ஆட்கள், "என்ன தம்ளரக்கா, பீப்பா தொறந்தாச்சா?" என்பார்கள். அவள் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. சொன்னால் நேர்ச்சை பலிக்காது. வருடம் ஒருமுறை, சித்திரையில், தம்ளரோடு போய்க் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் இல்லை. நேர்ந்ததைச் செலுத்தாத கையால் முளைப்பாரி போடப் பயந்து, கை வலி என்று சொல்லி விட்டுவிட்டாள். இராக்கம்மா ஒருமுறை இருமினாலும் பெரியாயி அவள் பாவாடையைத் தூக்கி உடம்பில் முத்தைத் தேடுவாள். ஏழு வருடங்கள் அப்படிப் போயின.

ஏழாம் வருடம் தொரை சீமைக்குத் திரும்புவதாக முடிவானது. அக்கம்பக்கத்துத் தோட்டங்களின் தொரைமார் நாலு பேர் வந்தார்கள். கிடங்கைத் திறந்து அரக்கை உடைத்தார்கள். பீப்பாய்க்குள் கோலை விட்டு எடுத்தபோது, கோலின் மூன்றில் ஒரு பங்குக்குமேல் நனையாமல் இருந்தது.

"எவன் குடிச்சான்?" என்று தொரை கத்தினார்.

சின்னராசா கங்காணி கைகட்டி நடுங்குவதைத் தோட்டம் அன்றுதான் பார்த்தது. "எங்கம்மா சத்தியமா இல்லீங்க தொரை. சாவியே ஒங்ககிட்டதான இருந்துச்சு."

விருந்தாளிகளில் ஒருவர் உடைந்த அரக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். யாரும் அதற்குமுன் பிரித்த அடையாளம் இல்லை. பலகையில் கசிவும் இல்லை. இந்த ஊர்ச் சூட்டில் மரமே சாராயத்தை ஆவியாக விட்டுவிடும் என்று அவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். தொரையும் கடைசியில் சிரித்தார்.

வாசலில் தம்ளரோடு நின்ற பெரியாயி கங்காணியின் சட்டையைப் பிடித்தாள்.

"மூடி தொறக்கவே இல்லியா?"

"இல்ல."

"யாரும் கை வைக்கலியா?"

"இல்லைன்னுதான சொல்றேன்! ஒனக்கு வேற விளக்கணுமா?"

அவள் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். முதல் பங்கை ஆத்தாளே வாங்கிக்கொண்டுவிட்டாள். நேராகக் கோயிலுக்குப் போனாள்.

அந்த வருடம் முளைப்பாரி போட்டாள். அதே மூலை, அதே இருட்டு. நான்காம் நாள் தண்ணீர் தெளிக்கக் குனிந்தவள், பிந்தி முளைத்த ஒரு மணியை விரலால் எடுத்து, பழக்கத்தில் பல்லில் வைத்துக் கடித்துவிட்டாள்.

இனித்தது.

சொம்பு கையிலிருந்து விழுந்தது. ஆத்தாளுக்கு விதைத்ததை. துப்பவும் பயம், விழுங்கவும் பயம். வாயை மூடிக்கொண்டு வெளியே ஓடினாள். இராக்கம்மா வாசலில் உட்கார்ந்து கொழுந்துக் கூடைக்குக் கயிறு மாற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

பெரியாயி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.