வைத்தீஸ்வரனின் அசதி

பெங்களூர் அல்சூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்த வைத்தீஸ்வரன், போன வருஷம் கடையிலேயே சுருண்டு விழுந்தார். பக்கவாதம். வலது கை போயிற்று. நடை மெல்லத் திரும்பியது. பேச்சுதான் காலை வாரியது. மனதில் ஒரு சொல் இருக்கும், வாயில் வேறொன்று வரும்.

பக்கவாதம் வந்தவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் கேட்டுத்தான் எதை ஆராய்வதென்று முடிவு செய்யப்போவதாகச் சொல்லி ஓர் ஆராய்ச்சி நிலையம் அவரையும் அழைத்தது. தொம்மலூர் வீட்டிலிருந்து மனைவி வனஜாவோடு ஆசையாய்ப் புறப்பட்டார். சொல்ல அவரிடம் ஒரே விஷயம் இருந்தது. பல் தேய்த்து முடிப்பதற்குள் மூட்டை தூக்கினாற்போல் உடம்பு துவண்டுவிடுகிறது. அந்த அசதியை வீட்டில் யாரும் நம்பவில்லை.

"அங்கிளுக்கு எது ரொம்பக் கஷ்டம்?" கூட்டத்தில் ஆராய்ச்சியாளர் ஸ்னேஹா கேட்டது வனஜாவை.

"சோம்பேறித்தனம்தாம்மா. எக்சர்சைஸ் பண்ணுங்கன்னா படுத்துக்கறாரு."

வைத்தீஸ்வரன் மேஜையைத் தட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அ... அரி... அரிசி."

தப்பென்று அவருக்கே தெரிந்தது. இல்லையென்று தலையை உதறினார். மறுபடியும் "அரிசி!" என்றுதான் வந்தது.

"ஓ, சாப்பாடா!" என்று மலர்ந்தாள் ஸ்னேஹா.

"சுகர் இருக்குன்னு சோத்தக் கொறச்சிட்டேன், அந்தக் கோவம்" என்றாள் வனஜா. எல்லோரும் சிரித்தார்கள். அவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்தவரிடம் போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் ஸ்னேஹா அறிவித்தாள்: ஆராய்ச்சி உணவுமுறையைப் பற்றியது. "அங்கிள் குடுத்த ஐடியா!" கைதட்டினார்கள்.

வைத்தீஸ்வரனுக்குக் காது சுட்டது. எழுந்துபோய், சுவரோரம் காலியாகக் கிடந்த நாற்காலிகளை இடது கையால் ஒட்ட இழுத்துப் போட்டு, அவற்றின்மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏங்க, என்ன இது? எழுந்திருங்க, மானம் போவுது."

அம்மாவைக் கூட்டிவந்திருந்த ஆஷ்லி குறுக்கிட்டாள். "திட்டாதீங்க ஆன்ட்டி. எங்க மம்மியும் இப்டித்தான். குளிச்சாலே டயர்டாயிடுவாங்க."

படுத்தபடியே அவர் ஆமாம் ஆமாமென்று தலையாட்டினார்.

ஸ்னேஹாவின் முகம் வாடியது. "சாரி அங்கிள், டாபிக் அப்ரூவ் ஆயிடுச்சு. இனிமே மாத்த முடியாது. அடுத்த ஸ்டடியில கண்டிப்பா சேத்துக்கறோம்."

திரும்பும்போது ஆட்டோவில் வனஜா கேட்டாள்: "நெஜமாவே அவ்ளோ அசதியா?"

தலையாட்டினார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அவர் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.