ஆற்றுக்குள் பூட்ஸ்

ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில் ஞாயிற்றுக்கிழமையானால் கடைகண்ணி எல்லாம் அடைத்துவிடுவார்கள். ஆறு மட்டும் ஓடும். வருஷம் முழுக்க, கரை தொட்டு ஓடும். பாலத்தில் போகிற ஒருவர்கூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. வந்த புதிதில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அடப் பாவிகளா, தண்ணீர் ஓடுகிறது, செத்த நேரம் நின்று பாருங்களேன்! நான் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வளர்ந்தவள். ராஜபாளையம் பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறும்போது ஜன்னலோரத்துக்காக எனக்கும் தம்பிக்கும் அடிதடி நடக்கும். கீழே பெரும்பாலும் வெறும் மணல்தான். என்றைக்காவது செந்தண்ணீர் ஓடினால் பஸ்ஸே ஒரு பக்கம் சாயும். டிரைவரும் வண்டியை மெதுவாக விடுவார்.

அந்தப் பைத்தியம்தான் இங்கே ஓடை சீரமைக்கும் குழுவில் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஓடையை இவர்கள் 'பாஹ்' என்கிறார்கள். எப்போதோ நேராக்கிக் கான்கிரீட் போட்டு அடைத்த பாஹை, இப்போது கான்கிரீட்டைப் பெயர்த்து, பழையபடி அதன் இஷ்டத்துக்கு வளைந்து போக விடுகிறார்கள். சனிக்கிழமைதோறும் மழையோ குளிரோ முணுமுணுக்காமல் வந்து நிற்கிற இந்த ஜனங்களை எவ்வளவு மெச்சினாலும் தகும். முதல் நாள் எனக்கும் முழங்கால் உயரக் கம்பூட்ஸ் கொடுத்தார்கள். நான் என்ன செய்தேன்? ஊர்ப் பழக்கத்தில் அதைக் கரையில் கழற்றிவைத்து, தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வெறுங்காலோடு இறங்கிவிட்டேன். பனி உருகி வந்த தண்ணீர். உயிரே போய்விட்டது. "நைன்! நைன்!" வேண்டாம் வேண்டாம் என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள் குழுத்தலைவி பிரிகிட்டே. என் பாதங்களை மடியில் வைத்துத் துண்டால் தேய்த்துக்கொண்டே, பூட்ஸ் அளவு சரியில்லையா என்று கேட்டாள். ஆற்றுக்குள் செருப்போடு இறங்க மாட்டோம், அது மரியாதை என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை, இறங்குமுன் குனிந்து தண்ணீரைத் தொட்டு, "குட்டன் மோர்கன்" என்று அதற்குக் காலை வணக்கம் சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இந்த ஐப்பசியில் ஊருக்கு வந்தபோது கம்பூட்ஸையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தேன். மகாராஜபுரத்தில் விவசாயம் செய்கிற முருகேஸ்வரி, என் கல்லூரித் தோழி. ஆற்றிலிருந்து அவர்கள் கண்மாய்க்குத் தண்ணீர் வருகிற ஓடை, சீமைக்கருவேலம் மண்டி அடைபட்டுக் கிடந்தது. "நாத்துப் பாவிட்டேன்டி. கண்மாய்க்குத் தண்ணி வரலன்னா அம்புட்டும் கருகிப்போகும்" என்று போனில் அழுதிருந்தாள். ஊரே கூடி ஜேசிபி வைத்து மரங்களைத் தோண்டியது. மிச்ச வேர்களை நாங்கள் மண்வெட்டியால் வெட்டினோம். பகலெல்லாம் களை எடுத்துவிட்டுச் சாயங்காலம் வந்து மண் சுமந்த அந்தப் பெண்களை என்ன சொல்லிப் புகழ! என் பூட்ஸைப் பார்த்துத்தான் அவர்களுக்கு ஒரே சிரிப்பு. "ஏட்டி, எந்தப் பட்டாளத்துல சேரப் போற?" என்றாள் முருகேஸ்வரி. சிரித்தால் சிரிக்கட்டும், செருப்பைத் துளைத்து முள் ஏறாத ஒரே ஆள் நான்தான்.

மலையில் மழை பிடித்த மறுநாள் காலை, ஓடையின் மேற்கே இருந்து சத்தம் வந்தது. "தண்ணி வருது! தண்ணி வருது!" எல்லாரும் செருப்பைக் கரையில் வீசிவிட்டு ஓடைக்குள் நின்றார்கள்.

"கழத்துட்டி! மொதத் தண்ணியில பூட்ஸோடயா நிப்ப?" என்று முருகேஸ்வரி கத்தினாள்.

ஒன்றைக் கழற்றி எறிந்தேன். இன்னொன்று வருவேனா என்றது. இழுக்க இழுக்க, சருகும் நுரையுமாகத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்தேவிட்டது. எங்களைத் தாண்டி, எங்கேயும் முட்டாமல் நிற்காமல், கண்மாய்க்குள் இறங்கியது. "போயிருச்சுடி, கண்மாய்க்குப் போயிருச்சு!" என்று முருகேஸ்வரி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஒரு கால் ஊர்த் தண்ணீரில் நனைய, மற்றது பூட்ஸுக்குள் காய்ந்து நிற்க, குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வாயில் வந்ததோ, "குட்டன் மோர்கன்."