கன்றுக்குக் கொடுத்த கசப்பு

எனக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. பட்டு நெய்கிறவனுக்கு இதைவிடக் கேடான குணம் வேறில்லை. ஆரணியில் எங்கள் தெருக்காரர்கள் தறிக்குழியில் காலை இறக்கினால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். நான் கொஞ்சம் நெய்வேன், எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன், மறுபடியும் வந்து உட்காருவேன். வீட்டுப் பசு கன்று போட்ட பிறகு அதுவும் போச்சு. பின்பக்கக் கொட்டகையில் கன்று இருமினால்கூடத் தறியில் எனக்குக் கால் நிற்காது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. போன ஈற்றில் பிறந்த கன்றை வயிற்றுப் புழு தின்றுவிட்டது. வயிறு பானைபோல உப்பியதைப் பார்த்து, பால் குடித்துக் கொழுத்திருக்கிறது என்று நானும் என் மனைவியும் தட்டிக்கொடுத்துச் சிரித்தோம். சாணி களிமண் மாதிரி வெளுத்து நாறியபோதுகூட எங்களுக்கு உறைக்கவில்லை. அது செத்துப்போன பிறகுதான் கால்நடை டாக்டர் சொல்லித் தெரிந்தது. இந்தத் தடவை பெண் கன்று. ஒருநாள் காலை அதன் சாணியும் அதே மாதிரி வெளுத்திருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டேன். படவேடு பக்கம் முகாமில் இருந்தார். "பயப்படாதீங்க. நாளைக்குச் சாயந்திரம் வந்து பார்த்து மருந்து தர்றேன். அதுவரைக்கும் தாய்ப்பாலை மட்டும் நல்லா குடிக்க விடுங்க" என்றார்.

நாளைக்குச் சாயந்திரமா! அதற்குள் புழு சும்மா இருக்குமா?

"ஒருநாள் பொறுக்க மாட்டீங்களா? எல்லாத்துக்கும் ஜல்தி, எல்லாத்துக்கும் பேஜார்" என்றாள் மனைவி.

நான் பொறுக்கவில்லை. செல்போனில் ஒரு பெண் போட்ட வீடியோவில் மாட்டுக்கான மூலிகை மருந்தைப் பார்த்திருந்தேன். வேப்பிலையைத் தெருமுனை மரத்தில் பறித்தேன். ரைஸ்மில் சுவரோரம் தும்பைப்பூ கிடைத்தது. பாகற்காய், வாழைத்தண்டு, மஞ்சள், சீரகம், மிளகு எல்லாம் சேர்த்து அம்மியில் அரைத்து வெல்லத்தோடு பிசைந்தேன். வீடியோவில் சொன்ன அளவு எனக்குப் போதவில்லை. கசந்தால்தானே புழு சாகும் என்று இன்னும் இரண்டு கை வேப்பிலையை இடித்துச் சாறு பிழிந்து அதில் ஊற்றினேன்.

கன்றின் வாயைத் திறந்து நாக்கின் அடியில் வைத்துத் தேய்த்தேன். அது செருமியது, துப்பியது, என் சட்டையெல்லாம் பச்சையாக்கியது. பாவமாக இருந்தது. கசப்பு போகட்டும் என்று உடனே தாயின் மடியில் கொண்டுபோய் விட்டேன். பால் சீக்கிரம் சுரக்கட்டும் என்று நாலு காம்பையும் நானே நன்றாக நீவிவிட்டேன்.

அப்புறம் உள்ளே போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். மோந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினேன். தறியில் சந்தன நிறத்தில் முகூர்த்தப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. பச்சைக்கறை ஒரு விரல் அகலம் பட்டாலும் புடவை போச்சு. பட்டைத் தொடும்முன் கை கழுவுவது எங்கள் வீடுகளில் பேச்சு வருவதற்கு முன்னாலேயே வந்துவிடும் பழக்கம். மாட்டைத் தொடும்முன் கழுவவேண்டும் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

மத்தியானம் மனைவி கொட்டகையிலிருந்து கத்தினாள்.

"ஏங்க, காலையிலேர்ந்து கன்னு வாயே வெக்கலைங்க!"

ஓடினேன். கன்று மடிவரை போனது, மோந்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. தள்ளினால் பின்வாங்கியது. அவள் காம்பை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்த்தாள். தூவென்று துப்பினாள்.

"மருந்து கையோடவா மடியைத் தொட்டீங்க?"

நான் குனிந்து காம்பை வேட்டி முனையால் துடைத்தேன்.

"நம்ம பொண்ணுக்குப் பால் மறக்கடிக்க நான் இன்னா தடவினேன்? வேப்பிலைதானே? பொறந்த மாசத்துலயே இதுக்குப் பால் மறக்கடிச்சிட்டு, தறியில போய் குந்திகினு இருக்கீங்களே!"

வெந்நீரில் மடியைக் கழுவினோம். வெல்லக் கரைசலைத் தடவினோம். கன்று நம்பவில்லை. கறந்து புகட்டலாம் என்றால், கன்று வாய் வைக்காமல் பசு பாலை அடக்கிக்கொண்டது. சொம்பில் அடிமட்டம்தான் தேறியது. நான் தறிக்கும் கொட்டகைக்குமாக அலைந்தேன். நெய்தால் இழை அறுந்தது. நெய்யாவிட்டால் போன கன்றின் முகம் நினைவுக்கு வந்தது. சாயந்திரம் இது படுத்துவிட்டது, காது சில்லிட்டிருந்தது. புழு கொல்லுமோ என்று பயந்து நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். மனைவி மேல் எரிந்து விழுந்தேன், வீடியோ போட்டவளைத் திட்டினேன். உண்மையில் அழுகைதான் வந்தது.

பாலில் விரலை நனைத்து நீட்டினேன். என் கையை மோந்ததும் அது மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. என் மனைவி பக்கத்தில் குந்தி அவள் விரலைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. பிறகு உறிஞ்சத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்கு மூச்சு வந்தது.

மறுநாள் சாணியில் வெள்ளைப் புழுக்கள் நீளநீளமாக விழுந்தன. சாயந்திரம் டாக்டர் வந்து பார்த்தார். "மூலிகை வேலை செஞ்சிருக்குங்க. ஆனா இளங்கன்னுக்கு இவ்வளவு வேப்பஞ்சாறு கூடாது. ரெண்டொரு நாள்ல தானா மடிக்குப் போயிடும், விடுங்க" என்றார். கன்று நின்றுகொண்டிருந்தது. நான் தெருவுக்கு ஓடி, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் பிழைத்துவிட்டது, பிழைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கொட்டகையில் பசு கத்திக்கொண்டிருந்தது. மனைவி வெந்நீரில் துணியை நனைத்து அதன் மடியில் ஒற்றடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். மடி கல்லாகிப் பளபளத்தது.

"கன்னைத் தேடுது போல" என்றேன்.

"பால் கட்டிகினு வலிக்குதுங்க" என்றாள். துணியைப் பிழிந்தாள். "பொண்ணுக்குப் பால் மறக்கடிச்சப்ப எனக்கும் இப்படித்தான். அது அழுவுதுன்னு நீங்க தெருத்தெருவா தூக்கிகினு சுத்தினீங்க. எனக்கு ஜாக்கெட் போட முடியலை. கை தூக்க முடியலை."

எங்கள் பெண்ணுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை.

"ரொம்ப வலிச்சுதா?" என்றேன்.

"இப்ப கேக்குறீங்க பாரு" என்றாள், மடியிலிருந்து கையை எடுக்காமல்.