உறவுமுறைக் கொப்பி

அனலைதீவு இறங்குதுறையில் அடையாள அட்டை பார்க்கும் அந்தச் சிங்களப் பொலிஸ்காரர் மெலிந்தவர். எப்போதும் சிரித்த முகம். நாளும் படகுக்கு நிற்கும் என்னிடம் ஒரு தமிழ்ச் சொல் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்வார். எனக்கும் வாத்தியார் என்ற பெருமை.

“அண்ணை, அக்கான்ர மகனுக்கு என்ன சொல்லுறது?”

“மருமகன்.”

“உங்களுக்கு இருக்கோ?”

“ஓம், வன்னியில. வெள்ளிக்கிழமை வாறான்.”

வெள்ளிக்கிழமை அவன் படகால் இறங்கியதும், “இவன்தான் அந்த மருமகன்” என்று நானே கூட்டிப்போய்க் காட்டினேன்.

“மருமகன், இஞ்சால வாரும்” என்று அவனைக் காவல் கொட்டிலுக்குள் அழைத்தார். நான் திருத்திக்கொடுத்த உச்சரிப்பு. ஒரு பிழையும் இல்லை.

பிறகு நாங்கள் அவனைக் காணவேயில்லை.

திங்கட்கிழமை அக்காவோடு விசாரிக்கப் போனேன். அதே சிரிப்போடு கொப்பியை விரித்தார்.

“அண்ணை, இண்டைக்கு என்ன தமிழ்ச் சொல்?”