ஆறாம் வகுப்புப் பிள்ளை

கற்பிட்டிப் பக்கம் நான் படிப்பித்த பள்ளியில் காலைச் சாப்பாடு சமைத்தவர் மெலிந்த பெண். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. அக்கா முறையில் எல்லோரும் அவரை ராத்தா என்போம். சோறு போடும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் "காணுமா?" என்று கேட்பார்.

சாப்பாடு ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்குப் போன ஒருத்தி பழையபடி வரிசையில் நின்றாள்.

"லிஸ்டில பேர் இல்ல ராத்தா, குடுக்கேலா" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர்."

நான் லிஸ்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன். அவரே குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கே வரவில்லை. ராத்தா அவள் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை.

"அண்டைக்கு என்ன சொன்னீங்க ராத்தா?"

"சோறு முடிஞ்சிட்டுது எண்டன். சட்டி நிறைய இருந்திச்சு டீச்சர். புள்ள அதப் பாத்திட்டுத்தான் போச்சு."

அதன் பிறகும் அவர் என்னோடு முகம் சுளிக்காமல்தான் கதைத்தார். அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.